வாய்க்குள்ளே பேசும் தேசம்

மார்ச் 10, 2019. ஞாயிறு

வீட்டுக் கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன். இந்த ஒஹாயோவில் வருடத்துக்கு இரண்டு முறை இந்தக் கூத்து.

குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டு ஏழு மாதம் ஆகிறது. இனி எப்போது வேண்டுமானாலும் நேர்காணலுக்கு அழைப்பார்கள் என்கிறாள் என் மகள் கலா. அதனால் இன்று முதல் என் மனைவி உலகம்மாளுக்குப் பாடம் தொடங்கிவிட்டேன். அரசாங்கமே அச்சிட்டுத் தருகிற நூறு கேள்விகள். அதில் பத்தைக் கேட்பார்கள். ஆறுக்குச் சரியாகச் சொன்னால் போதும்.

எனக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நான் பாளையங்கோட்டையில் சரித்திரம் படித்தவன். அமெரிக்க ஜனாதிபதிகளைப் பற்றி யாருக்கும் தெரியாத செய்திகளைச் சேர்த்து மூன்று நோட்டுகள் நிரப்பியிருக்கிறேன். கவலை உலகுவைப் பற்றித்தான். படித்தது எட்டாம் வகுப்பு வரை. அவளுடைய இங்கிலீஷ் முழுவதும் ஹலீமா என்ற சோமாலியப் பெண்ணின் தையல் கடையில் ஏழு வருடமாகப் பேண்ட் விளிம்பு மடித்துத் தைத்துக் கற்றது.

அவளுக்குத் தைரியம் வர ஒரு செய்தி சொன்னேன். பதினேழாவது ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போனதில்லை. அவரும் தையல்காரர்தான்.

"அப்ப அவருக்கு யாரு எழுதப் படிக்கச் சொல்லிக்குடுத்தா?"

"எழுத்தும் கணக்கும் அவர் பெஞ்சாதி சொல்லிக்குடுத்தது."

சிரித்தாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு ஏதோ சொன்னாள். என்ன என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 23. சனி

குக்கரில் சாதம் தீய்ந்துவிட்டது. மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொல்லிவிட்டு உலகு கடைக்குப் போயிருந்தாள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். ஒரு விசில்கூட வரவில்லை. குக்கரின் வெயிட்டில் கோளாறு. மருமகனிடம் சொல்லிப் புது வெயிட் வாங்கிவரச் சொன்னேன். அவர் பழையதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி மாமா" என்றார்.

ஏப்ரல் 14. ஞாயிறு

சித்திரைத் திருநாள். இங்குள்ள தமிழர்கள் கூடி, பள்ளி அரங்கு ஒன்றில் விழா வைத்தார்கள். ஜனாதிபதிகளைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேச என்னை அழைத்திருந்தார்கள்.

கிளீவ்லண்டின் கதையை எடுத்துக்கொண்டேன். 1893. ஜனாதிபதி குரோவர் கிளீவ்லண்டுக்கு மேல்வாயில் கட்டி. வெளியே தெரிந்தால் நாட்டின் வியாபாரமே ஆட்டம் கண்டுவிடும். ஆகவே மீன்பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு உல்லாசப் படகில் ஏறினார். ஓடும் படகிலேயே அறுவை. மேல்தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ரப்பரில் செய்து பொருத்தினார்கள். உண்மையைக் கண்டுபிடித்து எழுதிய நிருபரைப் பொய்யன் என்று ஏசினார்கள். கூட இருந்த மருத்துவர் ஒருவர் வாய் திறக்க இருபத்து நான்கு வருடம் ஆயிற்று. "தன் பலவீனத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டவன்தான் தலைவன்" என்று முடித்தேன். நல்ல கைதட்டல்.

பிறகு கேள்விகள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். கிளீவ்லண்ட் எத்தனை வயதில் இறந்தார் என்பதைப் பற்றி விரிவாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நகைச்சுவையாக அமைந்துவிட்டது போலும். உலகு மேடையருகே வந்து என் வலப்பக்கத்தில் நின்றுகொண்டு, "சாப்பாடு எப்பன்னு அந்தப் பொண்ணு கேக்கா" என்றாள்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் எனக்கு வலப்பக்கமாகவே வந்து நிற்கிறாள். காரில்கூட அப்படித்தான். பெண்களுக்கு வயதானால் இப்படிச் சில பழக்கங்கள் வந்துவிடுகின்றன.

மே 9. வியாழன்

கடிதம் வந்துவிட்டது. ஜூன் 11. அவளுக்கு ஒன்பதே கால், எனக்குப் பத்து மணி.

"ஊர்ல ஒரு எலெக்சன் விடாம ஓட்டுப் போட்டவ நான். இங்கன ஏழு வருசமா வெறும் ஆளா நிக்கேன்" என்றாள் உலகு. கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

அவள் தேறாமல் போனால் எப்படித் தேற்றுவது என்று யோசித்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 11. செவ்வாய்

உலகு தேறிவிட்டாள். கேட்ட ஆறுக்கும் ஆறு. ஏழாவது கேட்கவே இல்லையாம்.

என்னை விசாரித்தவர் ஒரு சின்ன வயதுப் பெண் அதிகாரி. கணினித் திரையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். முகம் கொடுத்துப் பேசும் மரியாதை இந்த ஊரில் கிடையாது. போதாக்குறைக்கு வாய்க்குள்ளேயே பேசுகிறார். தேசமே வாய்க்குள்ளே பேசும் தேசம். தலைநகரம் எது என்றார். வாஷிங்டன் என்றேன். அவர் கேட்டது எங்கள் மாநிலத்தின் தலைநகரமாம். கொலம்பஸில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கொலம்பஸ் தெரியாதா? எத்தனை பேர் என்றார். செனட்டர்கள் நூறு பேர் என்றேன். அவர் கேட்டது உச்ச நீதிமன்ற நீதிபதிகளையாம். கனடாவை ஒட்டிய மாநிலம் கேட்டார் என்று மிச்சிகன் சொன்னேன். மெக்சிகோவாம். ஒரு தடவை திருப்பிக் கேட்கச் சொன்னேன். திருப்பியும் அதே குரலில் சொன்னார். அதற்கு மேல் கேட்க எனக்கு மனமில்லை.

நாலு சரி, ஐந்து தப்பு. அறுபதிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் இன்னொரு வாய்ப்பு உண்டு என்று காகிதம் கொடுத்தார்.

வெளியே உலகு பச்சைப் புடவையில் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த காகிதத்தைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"உனக்குச் சுலபமான கேள்வியா கேட்டுட்டாக" என்றேன்.

"ஆமா" என்றாள்.

ஜூன் 12

மழை. புல் வெட்டவில்லை.

ஜூன் 16. ஞாயிறு

இங்கே இன்று தந்தையர் தினம். கலா கேக் செய்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு தடவ காது டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோமாப்பா?"

நான் எழுந்துவிட்டேன். முப்பத்தாறு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழுது சோதிக்கும் மேசையில் உட்கார்ந்தவன் நான். ஹெட்போனில் வரும் இரைச்சலை வைத்தே மழைத்தண்ணீர் இறங்கிய கேபிளா, அணில் கடித்த கம்பியா என்று சொல்வேன். தூத்துக்குடியிலிருந்தெல்லாம் ஆவுடையப்பனிடம் கேள் என்று லைன் போடுவார்கள். அந்தக் காதையா சோதிக்கப் போகிறாள்?

"உங்க அம்மாவும் நீயும் சேந்து என்னைச் செவிடனாக்கப் பாக்கியளோ?" என்றேன்.

கலா அழுதாள். உலகு அழவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டாவது தேர்வுக்குப் போவதில்லை, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று நினைக்கிறேன். பாளையங்கோட்டையில் எல்லாரும் வாயைத் திறந்து பேசுவார்கள்.

ஜூலை 19. வெள்ளி

உலகம்மாள் இன்று அமெரிக்கக் குடிமகள் ஆனாள்.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். காலையில் என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கட்டில் மேல் வைத்திருந்தாள். போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நீதிமன்றத்தின் பெரிய கூடம். அறுபது எழுபது பேர், முப்பத்தொரு நாடுகள். உறவுக்காரர்களுக்குப் பின்வரிசைகள். எல்லாரும் வலது கையை உயர்த்தி உறுதிமொழி சொன்னார்கள். பட்டுப் புடவையில் உலகுவின் கை ஆடாமல் நின்றது. பிறகு நீதிபதி ஏதோ சொன்னார். கூட்டத்தில் சலசலப்பு. இரண்டு பேர் எழுந்து மைக் முன்னால் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள்.

மூன்றாவதாக உலகு எழுந்து போனாள்.

கல்யாண வீட்டில்கூட நாலு பேருக்கு முன்னால் பேசாதவள். மைக் அவள் உயரத்துக்கு மேலே இருந்தது. ஒரு காவலர் வந்து இறக்கி வைத்தார். அவள் பேசினாள். காகிதம் எதுவும் கையில் இல்லை. ஒரு நிமிடம் இருக்கும், கூடுதலாகவும் இருக்கலாம். முடிவில் எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவளுடைய கணவன் என்று அறிமுகம் செய்கிறாள் போலிருக்கிறது என்று நானும் எழுந்து கையை உயர்த்திச் சிரித்தேன். அப்போது இன்னும் பெரிதாகக் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காரில் வரும்போது கலாவிடம் கேட்டேன். "உங்க அம்மா என்ன பேசுனா?"

"அம்மாட்டயே கேளுங்கப்பா."

உலகுவிடம் கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்: "அது கேக்க வேண்டியதுங்க. திருப்பிச் சொல்லுததுக்கு இல்ல."

ஜூலை 20. சனி

என் மனைவி நீதிபதி முன்னால் எழுந்து நின்று பேசினாள். நான் இருபதடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை எனக்குக் கேட்கவில்லை.

மைக் நன்றாக இருந்தது. மற்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது.

குக்கரின் வெயிட்டும் நன்றாகத்தான் இருந்தது.

இதை இங்கே எழுத மூன்று வருடம் ஆகியிருக்கிறது எனக்கு.

ஜூலை 27. சனி

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

மதியம் உலகு நூலகத்திலிருந்து வந்தாள். ஒரு புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்து, ஒரு பத்தியில் விரலை வைத்தாள்.

"ஒங்க நோட்டுல இது இருக்கா?"

படித்தேன். ஜனாதிபதி ரீகன். சினிமாவில் நடித்த காலத்தில் காதருகே துப்பாக்கி வெடித்ததில் ஒரு காது மந்தமாகிவிட்டது. 1983-இல், பதவியில் இருக்கும்போதே, காதில் கருவி மாட்டிக்கொண்டு உலகத்தின் முன்னால் வந்து நின்றார். அதைப் பார்த்துவிட்டு அதுவரை ஒளித்து வைத்திருந்தவர்கள் எல்லாம் கடைக்குப் போய்க் கருவி கேட்டார்களாம். விற்பனை மளமளவென்று ஏறியதாம்.

என் மூன்று நோட்டுகளிலும் அது இல்லை.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"என்னது, ரீகனா?"

"ரீகன் இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்தாள். வலப்பக்கத்தில். "இந்தக் காது கொஞ்சம் கேக்கும். அந்தக் காது சுத்தமா இல்ல. மூணு வருசமாச்சு. நீங்களாச் சொல்லுவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"கலாகிட்ட சொன்னியா?"

"நா ஏன் சொல்லுதேன்? அவ டாக்டர்கிட்ட வேல பாக்கா. அவளாக் கண்டுபிடிச்சா."

புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு, "நீங்க படகுல போயி ஆப்பரேசன் பண்ணிக்கிட்ட ஆளப் பத்தியே பேசுதியளே. அவரு ஒளிச்சுவச்சாரு, சரி. அவரு பெஞ்சாதிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?" என்றாள்.

மருத்துவரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் கேட்கச் சொல்லிக் கலாவிடம் சொன்னேன். அவள் உடனே போனை எடுத்தாள்.

ஆகஸ்ட் 6. செவ்வாய்

இரண்டு காதிலும் கருவி. கடலைப் பருப்பு அளவுதான்.

குளிர்சாதனப் பெட்டி உறுமுகிறது. என் செருப்பு தரையில் தேய்கிறது. மருமகன் மாடியில் தும்முவது கேட்கிறது. காகிதத்தைத் திருப்பினால் தகரத்தைக் கசக்குகிற மாதிரி இருக்கிறது. இவ்வளவு சத்தத்தோடா இவர்கள் எல்லாரும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்?

கலா அடுக்களையில் நின்று அவள் அம்மாவிடம், "அப்பா இன்னும் கத்தித்தான் பேசுதாக" என்றாள்.

"எனக்குக் கேக்குது" என்றேன் கூடத்திலிருந்து. கரண்டி கீழே விழுந்தது. அதுவும் கேட்டது.

ஆகஸ்ட் 11. ஞாயிறு

கலா அன்றைக்கு நீதிமன்றத்தில் போனில் பதிவு செய்திருக்கிறாள். இன்று கேட்டேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

உலகுவின் இங்கிலீஷ் அவளுடைய தையல் மாதிரி இருந்தது. சின்னச் சின்ன வாக்கியம், ஒவ்வொன்றும் இழுத்து முடிச்சுப் போட்டது. தமிழில் எழுதி வைக்கிறேன்.

"என் பெயர் உலகம்மாள். எட்டாவது வரை படித்தேன். துணி தைக்கிறேன். இந்த நூறு பதிலையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் கணவர். எனக்கு நூறு தெரியும். அவருக்கு ஆயிரம் தெரியும். நான் இன்று குடிமகள். அவர் இன்னும் இல்லை. அதோ, பின்னால் வெள்ளைச் சட்டையில் இருக்கிறார். அவர் செப்டம்பரில் மறுபடியும் வருவார். ஐயா, அவருக்கு ஒரு நாற்காலி வைத்திருங்கள். கேள்வியை மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள்."

அங்கேதான் சிரித்தார்கள். அங்கேதான் நான் எழுந்து கையை உயர்த்தினேன்.

செப்டம்பரில் வருவார் என்று அவள் சொன்ன நாளில், நான் ஊருக்குத் திரும்புவதற்கு விமான நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு தடவை கேட்டேன். நாற்பது வருடத்தில் இவளுக்கு இவ்வளவு நன்றாகப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது. கேட்காதது காதின் குற்றம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது.

ஆகஸ்ட் 25. ஞாயிறு

பாடம் மறுபடி தொடங்கிவிட்டது. இந்தத் தடவை வாத்தியார் உலகு.

அடுக்களையிலிருந்தபடியே கேள்வி கேட்கிறாள். முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறாள். "நீங்க இத்தன வருசமா என் வாயப் பாத்துத்தான் பதில் சொன்னிய. ஆபீசர் திரையப் பாத்துக் கேப்பாக. பாக்காமச் சொல்லிப் பழகுங்க." தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கேட்கிறாள். மிக்சியை ஓடவிட்டுக்கொண்டு கேட்கிறாள். ஹலீமாவும் ஒரு நாள் வந்து அவளுடைய உச்சரிப்பில் இருபது கேள்வி கேட்டுவிட்டுப் போனாள். பதிலுக்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் உலகு தப்பு போடுகிறாள்.

"கதை வேண்டாம். பதில் மட்டும்."

இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

செப்டம்பர் 4. புதன்

அதே அலுவலகம். அதே பெண் அதிகாரி.

உட்கார்ந்ததும் நானே சொன்னேன். "எனக்குக் காது சரியாகக் கேட்காது. கருவி போட்டிருக்கிறேன். போன தடவை உங்களிடம் இதைச் சொல்லவில்லை. அது என் தவறு." இந்த மூன்று வாக்கியங்களை ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தேன். நூறு கேள்வியையும்விட இதுதான் கஷ்டமாக இருந்தது.

அவர் திரையை ஒரு பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "இதை நீங்கள் அன்றே சொல்லியிருக்கலாமே" என்றார். கனிவாகத்தான் சொன்னார்.

ஆறு கேள்வி. ஆறு பதில். பதில் மட்டும்.

முடிந்ததும் அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்டேவிட்டேன். "மேடம், ஒஹாயோ எந்த வருடம் மாநிலமானது தெரியுமா?"

"1803" என்றார். இந்த ஊர்க்காரர்.

"சேர்க்கும்போது முறைப்படி ஒரு தீர்மானம் போட வேண்டும். நாடாளுமன்றம் அதைப் போட மறந்துவிட்டது. நூற்றைம்பதாவது ஆண்டு விழா நெருங்கும்போதுதான் கண்டுபிடித்தார்கள். 1953-இல் சட்டம் போட்டு, 1803-ஆம் வருடத் தேதியிலிருந்தே செல்லும் என்று ஜனாதிபதி ஐசனோவர் கையெழுத்திட்டார்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "நிஜமாகவா?"

"நிஜமாக. தாமதமாக வந்தாலும் மாநிலம் மாநிலம்தான்."

பக்கத்து அறைக்குக் கேட்கும்படி சிரித்தார். எனக்கும் கேட்டது.

வெளியே உலகு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "தேறியாச்சு" என்றேன். கண்ணை மூடித் திறந்தாள். அப்புறம், "ஏங்க, உள்ள அந்தப் பொண்ணு எதுக்குச் சிரிச்சா? கதை சொன்னியளோ?" என்றாள்.

"கையெழுத்துப் போட்ட பெறகுதான்" என்றேன்.

அக்டோபர் 18. வெள்ளி

நானும் ஆனேன். எண்பத்து மூன்று பேர், முப்பத்தாறு நாடுகள். நீதிபதியின் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டார். நான் எழவில்லை. எங்கள் வீட்டின் சார்பில் பேச வேண்டியதை ஏற்கெனவே பேசியாகிவிட்டது.

ஒரு வருத்தம். நவம்பர் தேர்தலுக்குப் பெயர் பதியக் கடைசி நாள் அக்டோபர் ஏழு. பதினொரு நாள் தாமதம். உலகு ஆகஸ்டிலேயே பதிந்துவிட்டாள்.

நவம்பர் 5. செவ்வாய்

ஊராட்சி மன்றத்துக்கும் பள்ளி வாரியத்துக்கும் தேர்தல். பெரிய தேர்தல் எதுவும் இல்லை. இதற்கெல்லாம் பாதிப் பேர் வருவதில்லை என்று மருமகன் சொன்னார். உலகு ஒரு வாரமாக வேட்பாளர்களின் துண்டறிக்கைகளை ஹலீமாவின் கடையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்குப் போன் போட்டுப் பள்ளிக்கூடப் பேருந்தைப் பற்றிக் கேள்வி கேட்டிருக்கிறாள். எனக்கு அது இன்றுதான் தெரியும்.

வாக்குச்சாவடி ஒரு தேவாலயத்தின் கூடத்தில். காலை ஏழரைக்கே வரிசை. குளிர். உலகு சேலைக்கு மேல் கோட்டுப் போட்டு, அவளே தைத்த துணிப்பையில் அடையாள அட்டையை வைத்திருந்தாள். கதவு வரை கூடப் போனேன்.

"நீங்க இங்கனயே நில்லுங்க. அடுத்த வருசம் உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊரில் ஓட்டுப் போடப் போகும்போது என் பின்னால்தான் வருவாள். யாருக்குப் போட வேண்டும் என்று நான்தான் வழியில் சொல்லிக்கொண்டு போவேன். அதன்படிதான் போட்டாளா என்று இன்றைக்கு முதன்முறையாகச் சந்தேகம் வருகிறது.

நடைபாதை ஓரமாக நின்று, கோட்டுப் பைக்குள் கைகளை வைத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் யாரோ ஒரு முதியவர், மெதுவான குரலில், "என்ன சார், ஓட்டுப் போட்டாச்சா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

திரும்பாமலே பதில் சொன்னேன்.

"இல்லை. உள்ளே என் மனைவி போட்டுக்கொண்டிருக்கிறாள்."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்கட்டும்.